ஆடியில் திரும்பிய பெயர்ப்பலகை

போன மாதம் கிறிஸ்துமஸுக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் திரும்பி வந்தபோது கூடத்துச் சுவர் மொட்டையாக நின்றது. அங்கே மாட்டியிருந்த பழைய மரப்பலகையைக் காணோம். அது இருந்த இடம் மட்டும் மற்ற சுவரைவிட வெளுப்பாக, மூலைக்கு மூலை ஆணி ஓட்டையோடு தெரிந்தது. பலகையை வாசலில் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் சுண்ணாம்பு வாளியை வைத்திருந்தார் வெள்ளையடிக்க வந்தவர். “ஆரைக் கேட்டுக் கழட்டுனீங்க?” என்று நான் போட்ட சத்தத்தில் என் மகன் குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு ஓடிவந்தான். எனக்கே கொஞ்சம் திகைப்பாகத்தான் இருந்தது. நான் சேலம் சூரமங்கலத்தில் பிறந்து இங்கேயே கிழவியானவள். ‘யாரை’ என்பதை ‘ஆரை’ என்று சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அது என் பேச்சே இல்லை, நான் முதலில் வேலை பார்த்த கம்பெனியின் முதலாளியம்மா பேச்சு. இதே பலகை இன்னொரு சுவரிலிருந்து கழற்றப்பட்ட அன்றைக்கு அவர் என்னிடம் கேட்ட கேள்வி, இத்தனை வருஷம் என் தொண்டையில் உட்கார்ந்திருந்து, பாவம், அந்தச் சுண்ணாம்புக்காரர் தலையில் போய் விழுந்தது.

ஐம்பதுகளின் கடைசியில், தட்டெழுத்துப் பரீட்சை தேறியதும், எனக்குக் கிடைத்த முதல் வேலை ராசிபுரத்தில் ஒரு பஸ் கம்பெனியில். அப்பாவுக்கு ரயில்வேயில் கார்டு வேலை. சூரமங்கலத்தில் ஜங்ஷன் பக்கத்திலேயே எங்களுக்குக் குவார்ட்டர்ஸ். காலையில் டவுன் பஸ் பிடித்துப் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து எங்கள் கம்பெனி வண்டியிலேயே மல்லூர், ஆண்டகளூர் கேட் வழியாக ராசிபுரம். சாயங்காலம் அதே வழியில் திரும்ப வேண்டும். வீட்டுக்கு வந்து சேரும்போது முகத்தில் புழுதி படிந்து, தங்கைகள் என்னை அடையாளம் தெரியாததுபோல நடித்துச் சிரிப்பார்கள். ஆனாலும் என் சம்பளம் அந்த வீட்டுக்கு வேண்டியிருந்தது. அதனால் நான் அதிகம் அலுத்துக்கொண்டதில்லை, அல்லது மனசுக்குள் மட்டும் அலுத்துக்கொண்டேன்.

கம்பெனியை ஆரம்பித்தவரைப் பெரிய முதலாளி என்பார்கள். ஒரே ஒரு வண்டியில் தொடங்கி, பிறகு தம்பியையும் பங்காளிகளையும் சேர்த்துக்கொண்டு பிரைவேட் லிமிடெட் ஆக்கியவர். அப்போது பதிவு அலுவலகம் எது என்று எழுதிக் கொடுக்க வேண்டிவந்தபோது, யோசிக்காமல் தன் வீட்டையே எழுதிவிட்டார். வீட்டின் முன்னறையில் இரண்டு மேஜை, ஒரு பீரோ, பிறகு என் தட்டெழுத்து இயந்திரம், அவ்வளவுதான் ஆபீஸ். பதிவு அலுவலகம் என்பது ஏதோ காகிதத்தில் எழுதுகிற சடங்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கம்பெனிக்குக் கையும் காலும் கிடையாது. அதனால் சட்டம் அதற்கு ஒரு வாசலையாவது வைக்கச் சொல்கிறது. கோர்ட்டு சம்மனோ சர்க்கார் கடிதமோ அந்த வாசலுக்கு வந்தால் கம்பெனியின் கைக்கே வந்த மாதிரி. பங்குதாரர்களின் பேர் எழுதிய புத்தகம் அங்கேதான் இருக்க வேண்டும், எந்தப் பங்குதாரரும் வந்து புரட்டிப் பார்க்கலாம். வாசலுக்கு வெளியே கம்பெனியின் பெயரையும் முகவரியையும் அந்த ஊர் ஜனங்கள் படிக்கிற பாஷையில் எழுதி மாட்ட வேண்டும். பெரிய முதலாளி வேங்கைப் பலகை வாங்கி, பச்சை வர்ணத்தில் மஞ்சள் எழுத்து எழுதவைத்து, ஒரு தை வெள்ளியன்று தன் கையால் ஆணியடித்தாராம். இதை எனக்குச் சொன்னது முதலாளியம்மா.

நான் வேலைக்குச் சேர்ந்த மறு வருஷம் பெரிய முதலாளி போய்ச்சேர்ந்தார். நோயில் கிடந்தபோதே தன் பங்குகளை மனைவியின் பேருக்கு மாற்றி முறைப்படி பதிந்துவைத்துவிட்டார். கம்பெனியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேயே அந்த அம்மாவின் பேரில் இருந்தது. குழந்தைகள் இல்லை. வெள்ளைச் சீலை உடுத்தி உள்ளறையில் உட்காரவைத்துவிட்டார்கள். தலைத்திவசம் முடிகிறவரை முன்வாசலைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஆனால் முன்னறையில் ஆபீஸ் இருந்ததே, அது அவருக்குப் பெரிய ஆறுதல். தபால் வந்தால் கதவு இடுக்கில் நின்று, “அம்மிணி, என்ன காயிதம் சாமி அது?” என்பார். நான் இங்கிலீஷில் உள்ளதைத் தமிழில் சொல்வேன். டிரைவரும் கண்டக்டரும் சம்பள நாளில் வந்தால், உள்ளே பார்த்து, “பெரியம்மா, சொகமாங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். ஊரில் விதவையின் வாசலை மிதிக்க ஆளிருக்காது. அந்த வாசலுக்கு மட்டும் தினமும் பத்துப் பேர் வந்தார்கள், பலகை அங்கே இருந்ததால்.

தம்பி, அதாவது சின்ன முதலாளி, மேனேஜிங் டைரக்டர் ஆனார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனசு வராது. உழைப்பாளி, வார்த்தை சுத்தம். பர்மிட் விசாரணை எல்லாம் சேலத்தில், உதிரி சாமான் சேலத்தில், பாங்கு சேலத்தில். ராசிபுரத்தில் ஆபீஸை வைத்துக்கொண்டு நாளெல்லாம் சேலத்தில் அலைவானேன் என்று அவர் நினைத்ததில் தப்பே இல்லை. சூரமங்கலத்தில் ஒரு கட்டடம் பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டார். எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து கூப்பிடு தூரம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே போய்வரலாம். மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் தூங்கினேன் அன்றைக்கு. சேலத்திலிருந்து வந்திருந்த ஆடிட்டரிடம் சின்ன முதலாளி இன்னொன்றும் சொன்னார். நான் தட்டெழுத்துப் பக்கத்திலேயே இருந்ததால் காதில் விழுந்தது. “ஆபீசு போயிட்டா இந்த ஊட்டை நிலக்கடலை மண்டிக்கு உட்டுரலாமுங்க. நங்கையும் பொறந்த ஊட்டோட போயி இருந்துக்கட்டும். இங்க தனியா ஒருத்தி எதுக்கு?” அண்ணன் மனைவியை அவர்கள் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். உள்ளறைக் கதவு அப்போது இலேசாக அசைந்தது. நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை.

ஆடிட்டர் நல்ல கறார் ஆசாமி. ஊருக்குள்ளேயே தெரு மாறினால் டைரக்டர்கள் தீர்மானம் போதும், ஊர் விட்டு ஊர் போவதென்றால் பங்குதாரர்கள் கூடி விசேஷத் தீர்மானம் போட வேண்டும், விழுந்த ஓட்டில் ஒரு ‘வேண்டாம்’ இருந்தால் குறைந்தது மூன்று ‘சரி’ இருக்க வேண்டும், கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்னதாக எல்லாருக்கும் நோட்டீஸ் போக வேண்டும், அதன்பிறகு இடம் மாறி, கெடுவுக்குள் மதராஸில் ரிஜிஸ்திராருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விரல் மடக்கிச் சொன்னார். “முதல்ல கூட்டம், அப்புறம் போர்டு. மாத்திச் செஞ்சுடாதீங்க” என்றார். சின்ன முதலாளி பஞ்சாங்கத்தைப் பார்த்தார். ஆனியில் கடைசி முகூர்த்தம் நெருங்கிவிட்டது. மூன்று வாரம் காத்தால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் யாராவது வாசற்படி மாறுவார்களா? “கூட்டம் கூடறது நல்லது கெட்டதுல சேராதுங்க. அதை ஆடியில வெச்சுக்கலாம். போர்டு வெக்கறதுதான் நல்ல காரியம். அது ஆனியிலயே ஆயிரோணும்” என்று அவர் அடித்துச் சொன்னார். சட்டம் ஒரு வரிசை சொன்னது, பஞ்சாங்கம் நேர்மாறாகச் சொன்னது. எங்கள் பக்கத்தில் யார் சொல் எடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆடிட்டர் தோல்பையை மூடிக்கொண்டு, “நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த முகூர்த்த நாளில் லாரி வந்தது. மேஜை, பீரோ, புத்தகங்கள் எல்லாம் ஏறின. கடைசியாகப் பலகை. ஆணியைக் கடப்பாரையால் நெம்பும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. சின்ன முதலாளி உள்ளறைப் பக்கம் திரும்பவே இல்லை, வெளியே நின்று அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். லாரி கிளம்பிய பிறகு என் இயந்திரத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு நான் மட்டும் பின்தங்கினேன். அப்போதுதான் முதலாளியம்மா முன்னறைக்கு வந்தார். புருஷன் இறந்த பிறகு அவர் அந்த அறைக்குள் கால் வைத்தது அதுதான் முதல்தடவை. வாசல்வரை வந்து, வெளியே தலையை மட்டும் நீட்டி, சுவரில் வெளுத்துக் கிடந்த இடத்தைப் பார்த்தார். “ஆரைக் கேட்டுக் கழட்டுனீங்க?” என்றார். சத்தம் போடவில்லை. என்னைக் குற்றம் சொல்லவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இயந்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அத்தனை நாள் ஆசைப்பட்ட சூரமங்கலம் ஆபீஸில் முதல்நாள் காய்ச்சிய பாலை எனக்குக் குடிக்கப் பிடிக்கவில்லை.

பலகையில் முகவரி இன்னும் ராசிபுரம் என்றே இருந்தது. ஆடி போய் ஆவணியில் எழுத்தை மாற்றலாம் என்று சின்ன முதலாளி விட்டுவிட்டார். அதனால் சூரமங்கலம் மெயின் ரோட்டில், ஜங்ஷனுக்குப் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, ‘பதிவு அலுவலகம், ராசிபுரம்’ என்று பலகை தொங்கியது. கூட்ட நோட்டீஸை நான்தான் அடித்தேன். மற்றவர்களுக்கெல்லாம் தபாலில் போயிற்று. முதலாளியம்மாவுக்கு மட்டும் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவரச் சின்ன முதலாளி சொன்னார். நான் கிளம்பும்போது, “நங்கை எங்க வரப்போறாங்க, இன்னும் வருசமே திரும்பல. பதிலு ஆள் அனுப்பறேன்னு ஏதாச்சும் எழுதிக் குடுத்தா அங்க வாங்காதீங்க டைப்பிஸ்டம்மா. இனிமே எதுவா இருந்தாலும் சூரமங்கலத்துல கொண்டாந்து குடுக்கோணும்னு சொல்லிருங்க” என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். பங்குதாரர் வர முடியாவிட்டால் தன் சார்பில் ஓட்டுப்போட வேறு ஆளை அனுப்பலாம். ஆனால் அந்தச் சீட்டு கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாகப் பதிவு அலுவலகத்தில் சேர்ந்திருக்க வேண்டும். படி தாண்டாத ஒரு பெண் பிள்ளையின் சீட்டு சூரமங்கலம்வரை எப்படி வந்து சேரும்? ராசிபுரம் போகும் பஸ்ஸில் நோட்டீஸை மறுபடி மறுபடி படித்துக்கொண்டே போனேன்.

முன்னறை காலியாக எதிரொலித்தது. முதலாளியம்மா தரையில் உட்கார்ந்து, “படி அம்மிணி” என்றார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். பதிவு அலுவலகம் என்ற இடம் வந்ததும் நிறுத்தினார்.

“எந்த ஊடுன்னு போட்டிருக்குது?”

“உங்க வீடுதாங்கம்மா.”

“கதவு நெம்பரு?”

“இதே நம்பர்தான்.”

“அப்பறம் போர்டு மட்டும் எதுக்கு அங்க தொங்குது?”

நான் அடுத்த வரிக்குப் போனேன். அவர் ஓட்டுக் கணக்கைக் கேட்டார், சொன்னேன். மூன்றில் ஒரு பங்கு வைத்திருப்பவர் வேண்டாம் என்றால் தீர்மானம் விழுந்துவிடும், ஆனால் வேண்டாம் என்பது அந்தக் கூட்டத்தில் கேட்க வேண்டும் என்றேன். பதில் ஆள் அனுப்பலாம் என்ற வரியையும் படித்தேன். “ஆரை அனுப்பறது?” என்று அவர் என்னைப் பார்த்தார். அந்தச் சீட்டில் என் பேர் ஏறினால் அன்றோடு என் வேலை போயிற்று, எங்கள் வீட்டில் உலை கொதிப்பது எப்படி? அவர் அதை என் முகத்தில் படித்துவிட்டார். “பயப்படாத சாமி. உன்னையச் சொல்ல மாட்டேன். எனக்குப் பதிலா இருந்தது ஒரு மனுசன். அவரு போயிட்டாரு” என்றார். சின்ன முதலாளி என்னிடம் சொல்லியனுப்பியதை மறைக்க எனக்கு வாய் வரவில்லை, சொல்லிவிட்டேன். “அப்படீங்களா” என்றார், அவ்வளவுதான். கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: “அந்தப் பேரு இந்தச் செவுத்துல இருக்கறவரைக்கும் நான் இந்த ஊட்டு மனுசி. எடுத்துட்டா நான் மூலையில கெடக்கற முறந்தான்.”

கூட்டத்தன்று சேலத்தில் ஆடி நோன்பு நெருக்கம். பஸ்ஸெல்லாம் வேப்பிலையும் மஞ்சள் சீலையும். சூரமங்கலம் ஆபீஸில் சின்ன முதலாளியும் பங்காளிகளும் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் ஆடிட்டர், அவருக்குப் பக்கத்தில் நோட்டோடு நான். நேரம் ஆகியும் சின்ன முதலாளி ஆரம்பிக்கவில்லை. துண்டால் கழுத்தைத் துடைப்பார், ரோட்டைப் பார்ப்பார். ராசிபுரம் வண்டி எத்தனை மணிக்கு வந்திருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கடைசியில் ஆடிட்டர் கடிகாரத்தைப் பார்த்து, “ஆரம்பிக்கலாமா, இல்லையா?” என்றார். சின்ன முதலாளி தொண்டையைச் செருமினார். அந்த நேரத்தில் வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது.

வெள்ளைச் சீலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு முதலாளியம்மா இறங்கினார். வண்டிக்காரனுக்குக் காசு கொடுத்தார். பலகைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். உள்ளே ஆறு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அது மரியாதை இல்லை, என்ன செய்வதென்று தெரியாத கலவரம். “வருசம் திரும்பறதுக்குள்ள இப்படி...” என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார். “இங்கயும் ராசிபுரம்னுதான் எழுதியிருக்குதுங்க. எடம் தப்பி வந்துட்டனோன்னு நெனச்சேன்” என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆடிட்டர் இருமினார். எந்தப் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்று நான் நினைத்தேன் என்று கேட்டால், நிஜமாகவே எனக்குத் தெரியாது. கூப்பிடு தூரத்தில் என் வீடு, எதிரே அந்த முகம்.

தீர்மானத்தை வாசித்தார்கள். சரி என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள், ஆறு கை உயர்ந்தது. வேண்டாம் என்பவர்கள் என்றதும் ஒரு கை, சீலைத் தலைப்புக்குள்ளிருந்து. சின்ன முதலாளியின் முகத்தில் ரத்தம் திரும்பியது. கைக்கணக்கில் ஆளுக்கு ஒரு ஓட்டுத்தான். ஒன்றுக்கு மூன்று வேண்டும் என்ற இடத்தில் ஆறு இருக்கிறது. தீர்மானம் நிறைவேறியது என்று அவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சொல்லிவிட்டு அதோடு எல்லாரும் எழுந்துவிட்டால் அந்தக் கணக்கே நின்றுவிடும். ஆடிட்டர் பேனா மூடியைத் திருகுவதும் கழற்றுவதுமாக இருந்தார். அவர் கம்பெனியின் ஆடிட்டர். கேட்டால் சொல்லலாமே தவிர, ஒரு பக்கத்துக்கு எடுத்துக் கொடுக்கக் கூடாது. நான் என் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ரயில் எஞ்சின் ஊதிக்கொண்டே போனது.

“இருங்க” என்றார் முதலாளியம்மா. “கையை எண்ணறீங்க. எங்க ஊட்டுக்காரரு சாவறப்ப எனக்கு ஒரு கையையா உட்டுட்டுப் போனாரு? பங்கை உட்டுட்டுப் போனாரு. அதை எண்ணுங்க.”

ஆடிட்டர் பேனாவை மேஜைமேல் வைத்தார். “அவங்க கேட்டுட்டாங்க. இனி பங்கை எண்ணித்தான் ஆகணும்” என்றார். எண்ணினார்கள். எண்ண என்ன இருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. தீர்மானம் தோற்றது. இனி என்ன செய்வது என்று சின்ன முதலாளி ஆடிட்டரிடம் கேட்டார். கம்பெனியின் முகவரி ராசிபுரம்தான், அது எப்போதும் மாறவே இல்லை, பலகையும் புத்தகங்களும் அங்கே இருக்க வேண்டும், இல்லாத நாளுக்கெல்லாம் அபராதம் ஏறும் என்றார் ஆடிட்டர். “ஆவணி பொறக்கட்டுமுங்க. ஆடியில எப்படி போர்டைக் கொண்டுபோயி மாட்டறது?” என்றார் சின்ன முதலாளி. அவர் குரலில் சூழ்ச்சி எதுவும் இல்லை, நிஜமான பயம்தான் இருந்தது.

முதலாளியம்மா எழுந்தார். “நல்ல நாள் பாத்துத்தான் கண்ணாலம் பண்ணுனாங்க. நல்ல நாள் பாத்துத்தான் அவரு ஆணியடிச்சாரு. எனக்கு இனி ஆடி என்ன, ஆவணி என்ன?” என்றார். நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறிவிட்டார். ஒருவரும் அசையவில்லை. நான்தான் நோட்டை வைத்துவிட்டுப் போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். இங்கே பலகையைக் கம்பியில்தான் தொங்கவிட்டிருந்தார்கள், சுலபமாக வந்துவிட்டது. சின்ன முதலாளி என் பக்கம் திரும்பி, “டைப்பிஸ்டம்மா, கூடப் போங்க. இனி ஆபீசு அங்கதானே” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நாளையிலிருந்து மறுபடியும் இரண்டு பஸ், புழுதி, தங்கைகளின் சிரிப்பு. ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு அவரோடு வேறொரு ஜட்காவில் ஏறினேன்.

ராசிபுரம் வண்டியில் டிரைவருக்குப் பின் சீட்டில் அவர் உட்கார்ந்து, பலகையை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார். வேப்பிலைக் கட்டோடு நின்ற பெண்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். மல்லூர் தாண்டும்வரை, ஆள் ஏறும் நிறுத்தத்திலெல்லாம், அவர் பலகைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். அத்தனை தைரியமும் அந்த அறையோடு செலவழிந்துபோயிருந்தது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய டிரைவர் எங்களோடு இறங்கி வந்தார், ஆனால் ஆணியைக் கையால் தொட மாட்டேன் என்றுவிட்டார். “ஆவணியில நானே வந்து அடிச்சுத் தாறனுங்க பெரியம்மா” என்று கெஞ்சினார். அவர் பேசாமல் வண்டியிலிருந்த பெரிய ஸ்பேனரை வாங்கி, நான் பலகையைத் தாங்கிப் பிடிக்க, தானே அடித்தார். பழைய ஓட்டையில் ஆணி நிற்கவில்லை, கொஞ்சம் தள்ளி அடித்ததில் பலகை ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. “கோணலா இருக்குதுங்களா?” என்றார். இல்லை என்று பொய் சொன்னேன். பிறகு அவர் படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். நான் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

அதற்குப் பிறகு வீட்டை மண்டிக்கு விடும் பேச்சு எழவில்லை. சின்ன முதலாளி மாதத்துக்கு ஒருமுறை காகிதங்களோடு வந்து முன்னறையில் உட்காருவார். முதலில் முகம் கொடுத்துப் பேசமாட்டார். புது வண்டி வாங்கியபோது நங்கையிடம் எந்த வர்ணம் என்று கேட்டார். அப்புறம் எந்த ரூட்டுக்கு விண்ணப்பம் போடலாம் என்று கேட்டார். ஒரு கட்டத்தில் முதலாளியம்மாவையும் டைரக்டர் ஆக்கினார்கள். நான் புழுதி தின்றுகொண்டு போய்வந்துகொண்டே இருந்தேன். எனக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம், அறுபதுகளின் நடுவில் இருக்கும், சின்ன முதலாளி ஒருநாள் காகிதம் எதுவும் இல்லாமல் வந்தார். உட்காரவில்லை. “நங்கை, ஆபீசை சேலத்துக்குக் கொண்டுபோயிரலாமுங்களா? நீங்க வேண்டாம்னா வேண்டாம்” என்றார். நான் தட்டுவதை நிறுத்திவிட்டேன்.

“கொண்டுபோங்க” என்றார் முதலாளியம்மா, ஒரு நொடிகூட யோசிக்காமல். சின்ன முதலாளி நம்பாமல் பார்த்தார். “அன்னிக்கு இதைக் கேட்டிருந்தாலும் இதேதான் சொல்லியிருப்பேன்” என்றார் அவர்.

“கேக்கோணும்னுதான் வந்தேன். இந்த வாசல்வரைக்கும் வந்தேன். அண்ணன் அடிச்ச ஆணியப் புடுங்கட்டுமான்னு எந்த வாயால கேக்கறதுன்னு திரும்பிப் போயிட்டேன்” என்று சின்ன முதலாளி சொன்னார். அவர் கண் கலங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன். இத்தனை கலவரத்துக்கும் காரணம் ஒரு கேள்வி வாசற்படியிலிருந்து திரும்பிப் போனதுதானா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. முதலாளியம்மா ஒரு நிபந்தனை போட்டார். “ஆடியில கொண்டுபோங்க. நீங்களே கொண்டுபோகோணும்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். விளையாட்டுக்குச் சொன்னார் என்றுதான் நான் நினைத்தேன். கூட்டம் முறைப்படி கூடியது, எல்லாக் கையும் உயர்ந்தது. ஆடி முதல் வெள்ளியன்று, பஞ்சாங்கம் பார்க்காமல் பல் தேய்க்காத மனிதர், பலகையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் பஸ்ஸில் சேலத்துக்கு வந்தார். ராசிபுரத்தின்மேல் சூரமங்கலம் எழுதப்பட்டது. மதராஸுக்குப் போகும் படிவத்தை நான்தான் அடித்தேன், அந்தக் கம்பெனிக்கு நான் அடித்த கடைசிக் காகிதங்களில் அதுவும் ஒன்று. முதலாளியம்மா ராசிபுரம் வீட்டிலேயே இருந்தார், கடைசிவரை அந்த வீட்டு மனுசியாகவே.

கம்பெனியை வெகு காலத்துக்குப் பிறகு வேறு யாருக்கோ கைமாற்றினார்கள். பலகை வேண்டுமா என்று சின்ன முதலாளியின் மகன் கேட்டனுப்பினார், வாங்கிவந்து மாட்டிவைத்தேன். அதிகப்படியான ஓட்டைகளோடு, வெயில் சாய்ந்து விழும்போது சூரமங்கலத்துக்கு அடியில் ராசிபுரம் இலேசாகத் தெரிய, அது என் கூடத்தில் இருந்தது. வருகிறவர்கள் என்ன இது என்பார்கள், பழைய போர்டு என்று சொல்லிவிடுவேன்.

வெள்ளையடித்த அன்று சாயங்காலம் சுண்ணாம்பு காய்ந்திருந்தது. என் சத்தத்தில் மிரண்டிருந்த மகன், பலகையைத் துடைத்து எடுத்துக்கொண்டு என் கட்டிலருகே வந்து நின்றான். “அம்மா, இதை எங்கே மாட்டட்டும்? அதே இடத்திலா?” என்றான்.

பலகையின் ஓரத்தில் இன்னும் ஒட்டியிருந்த சுண்ணாம்பை நான் விரலால் சுரண்டிவிட்டேன்.

“எங்கே வேண்டுமானாலும் மாட்டு” என்றேன்.